கும்பகோணத்து ஆஸ்டெக் கடை: மெனுவைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைப் பெயரைப் போடப்போவதில்லை. குறை கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது, கடை ஆரம்பித்து நாலு மாதம்தான் ஆகிறது, பெயரைப் போட்டு ஆளைக் கவிழ்க்கும் எண்ணம் எனக்கு இல்லை. மகாமகக் குளத்திலிருந்து நடந்துபோகிற தூரம், மாடிக்கடை, கீழே பாத்திரக்கடை, வாசலில் இறகுக் கிரீடம் வைத்த மண்டையோட்டு போர்டு ராத்திரியில் பச்சையாக எரியும். கும்பகோணத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் அடையாளம் தேவைப்படாது.

போனது மூன்று பேர். நான், அம்மா, அக்கா மகன். அவன் பதினொன்றாவது படிக்கிறான், யார் எதைச் சொன்னாலும் போனை எடுத்துச் சரிபார்க்கிற வயசு. அம்மாவுக்கு 72. பல்லுக்கு இதமாக ஏதாவது கிடைத்தால் போதும் என்றுதான் கிளம்பினார். எங்கள் வீடு பாபநாசம் பக்கம், இரண்டு தலைமுறையாக வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வீடு. இது இந்தக் கடையோடு எப்படிச் சேர்கிறது என்பது போகப் போகத் தெரியும்.

படியேறி உள்ளே போனதும் எதிர்ச்சுவர் முழுக்க ஓவியம். நடுவில் பெரிய படிக்கட்டுப் பிரமிடு, அதன் உச்சியில் கத்தியோடு ஒரு பூசாரி, படியெல்லாம் ரத்தம், மேலே கொட்டை எழுத்தில் ஆஸ்டெக் பேரரசு என்று தமிழிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆஸ்டெக்குகள் என்றால் ஸ்பானியர்கள் வருவதற்கு முன் மெக்சிகோவின் நடுப்பகுதியை ஆண்டவர்கள். உட்காருவதற்கு முன்னாலேயே பையன் ஆரம்பித்துவிட்டான், "மாமா, இது மாயன் பிரமிடு." அவன் சொன்னது சரி. வரைந்திருப்பது சிச்சென் இட்சா. அது மெக்சிகோவின் தென்கிழக்கு மூலையில் யுகடான் பக்கம், மெக்சிகோ சிட்டியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும், ஆஸ்டெக்குகள் தலையெடுக்கும் முன்பே மாயர்கள் கட்டியது. ஆஸ்டெக்குகளின் பெரிய கோயில் பார்த்த மாத்திரத்தில் வேறுபடும்: ஒரே மேட்டின் உச்சியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சந்நிதி, இரண்டுக்கும் தனித்தனிப் படிக்கட்டு. ஒன்று போர்த்தெய்வத்துக்கு, இன்னொன்று த்லாலோக் என்ற மழைத்தெய்வத்துக்கு. ஜூன் 12 ஆம் தேதி மேட்டூர் திறப்பார்களா மாட்டார்களா என்று வருஷா வருஷம் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊரில் கடை வைத்துவிட்டு, மழைக்கு ஒரு சந்நிதி கட்டியவர்களின் கோயிலை விட்டுவிட்டு வேறு எதையோ வரைந்திருக்கிறார்களே என்று எனக்கு ஆற்றாமை. தஞ்சைப் பெரிய கோயில் என்று எழுதிவிட்டு அங்கோர்வாட்டை வரைந்தால் நாம் சும்மா இருப்போமா?

மேஜை விரிப்பில் அந்த வட்டக்கல் படம், சூரியக்கல் என்பார்கள், நடுவில் நாக்கை நீட்டிய முகம். இது உண்மையிலேயே ஆஸ்டெக் கல்தான், 24 டன் கனம், மூன்றரை மீட்டருக்கு மேல் விட்டம், 1790 டிசம்பர் 17 அன்று மெக்சிகோ சிட்டியின் நடுச் சதுக்கத்தைச் செப்பனிடும்போது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. அதுவரை சரி. ஆனால் படத்துக்குக் கீழே "2012-ல் உலகம் அழியும் என்று சொன்ன காலண்டர்" என்று அச்சடித்திருக்கிறார்கள். அந்த 2012 கதை மாயர் காலக்கணக்கைப் பிடித்துக் கிளப்பியது, மாயர்களும் அழியும் என்று சொல்லவில்லை. போதாததற்கு மெனுவில் இன்கா லெமனேட் என்று ஒன்று. இன்கா பெரு நாட்டுக்காரர்கள், அது தென் அமெரிக்கா. மூவரையும் ஒரே மிக்ஸியில் போட்டு அரைத்துவிட்டார்கள்.

சிக்கன் விங்ஸுக்கு வைத்திருக்கும் பெயர் நரபலி விங்ஸ். அம்மா அதைப் படித்துவிட்டு மெனுவைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்டெக்குகள் நரபலி கொடுத்தது பொய் என்று நான் சொல்லவரவில்லை. கொடுத்தார்கள், நிறையவே கொடுத்தார்கள், மண்டையோடுகளை அடுக்கிக் கட்டிய மேடையையே 2015-ல் அவர்களுடைய பெரிய கோயில் பக்கத்தில் தோண்டி எடுத்தார்கள், அதில் பெண்கள், குழந்தைகள் மண்டையோடும் இருந்தது. 1487-ல் கோயில் குடமுழுக்கு மாதிரி நடந்த விழாவில் 80,000-க்கு மேல் பலி என்று பழைய ஏடுகளில் இருப்பதைத்தான் இன்றைக்கு ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் நம்புவதில்லை. நம் ஊரிலும் தன் தலையைத் தானே அரிந்து கொற்றவைக்குக் கொடுக்கிற நவகண்டச் சிற்பங்கள் கிடக்கின்றன, அதற்காக யாராவது தமிழ்நாடு ஓட்டல் என்று போர்டு வைத்து நவகண்ட இட்லி விற்றால் எப்படி இருக்கும்? அதுதான் என் கேள்வி.

சரி, சாப்பாடு.

முதல் ரவுண்டில் பையன் ஆசைப்பட்டதற்காக புரிட்டோவும் நாச்சோஸும் சொன்னோம். புரிட்டோ என்பது மைதா சப்பாத்திக்குள் சாதம், சீஸ், சிக்கன், மயோனைஸ் எல்லாம் திணித்து சுருட்டியது. 240 ரூபாய். சப்பாத்தி ரப்பர், சாதம் மதியத்துச் சாதம், வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை. நாச்சோஸ் பாக்கெட்டிலிருந்து கொட்டியது. இரண்டுக்கும் முன்னால் ஆஸ்டெக் என்ற அடைமொழி. கோதுமை, அரிசி, மாடு, பன்றி, பாலாடைக்கட்டி, வெங்காயம், பூண்டு, எலுமிச்சை, இவ்வளவும் ஸ்பானியர்கள் கப்பலில் கொண்டுபோனவை. ஸ்பானியத் தளபதி கோர்தெஸ் 1519-ல் வந்து இறங்கும்வரை அந்த நாட்டில் யாரும் ஒரு சொட்டுப் பசும்பால் குடித்ததில்லை. அவர்கள் சாப்பிட்டது மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி, மிளகாய், கீரைவிதை, ஏரி மீன், வாத்து, வான்கோழி. வளர்ப்பு நாயும் உண்டு. ஏரித்தண்ணீர் மேல் படரும் பச்சைப் பாசியை வழித்துக் காயவைத்து வில்லை வில்லையாக்கி சந்தையில் விற்றார்கள், இன்றைக்கு மருந்துக்கடையில் ஸ்பைருலினா என்று நாம் டப்பா டப்பாவாக வாங்குகிற சுருள்பாசி அதேதான். எண்ணெயில் பொரிக்கிற பழக்கமே இல்லாதவர்கள் பெயரில் பொரித்த நாச்சோஸ்.

எழுந்திருக்கலாம் என்று நினைத்தபோது அம்மா கவிழ்த்து வைத்த மெனுவின் பின்பக்கம் கண்ணில் பட்டது. சின்ன எழுத்தில், சனி ஞாயிறு மட்டும், மூன்றே மூன்று அயிட்டம்: சோள டார்ட்டியா (அந்த ஊர் ரொட்டி), தமால், தண்ணீர் கொக்கோ. சர்வர் பையன், "சார், அது யாரும் கேக்க மாட்டாங்க, லேட் ஆகும்" என்றான். பரவாயில்லை என்றோம். இருபத்தைந்து நிமிஷம் ஆனது. லேட் ஆகும் என்று சொல்லிவிட்டு லேட் செய்தால் அது குறையில்லை.

டார்ட்டியா வந்ததும் அம்மா எடுத்து முகர்ந்தார். "சுண்ணாம்பு போட்டிருக்காங்கடா" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஐம்பது வருஷம் வெற்றிலைச் செல்லத்தோடு வாழ்ந்த மூக்குக்குத்தான் அது பிடிபடும். சர்வரைக் கூப்பிட்டுக் கேட்டோம், அவன் உள்ளே போய்ச் சொல்ல, சமையற்காரரே கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். முப்பத்தைந்து வயசு இருக்கும், திருவிடைமருதூர் பக்கத்து ஆள், துபாயில் ஒரு மெக்சிகன் ஓட்டல் சமையலறையில் ஏழு வருஷம் இருந்தவராம், பக்கத்து அடுப்பில் நின்ற மெக்சிகோக்காரர் சொல்லிக்கொடுத்ததாம்.

"அம்மா, சுண்ணாம்புதான். எப்படிக் கண்டுபிடிச்சீங்க? இங்க வர்றவங்க யாருமே கேட்டதில்ல."

"கல்லு சுண்ணாம்பா, கிளிஞ்சல் சுண்ணாம்பா தம்பி?"

"வெத்தலக்கடைல வாங்குறதுதாம்மா."

"அப்ப கிளிஞ்சலாத்தான் இருக்கும், கேட்டு வாங்கு."

விஷயம் இதுதான். பெரம்பலூர்ப் பக்கம் விளைந்து நாம் கோழித் தீவனத்துக்கு அனுப்புகிற அதே மக்காச்சோளத்தை வாங்கி, சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க அதிலேயே ஊறப்போட்டு, காலையில் கழுவினால் மேல்தோல் வழுக்கிக்கொண்டு போய்விடும். அதை அரைத்தால் பசை பிடித்த மாவு வரும், சும்மா வேகவைத்து அரைத்தால் வராது. நிஷ்தமல் என்று இதற்குப் பெயர், ஆஸ்டெக்குகள் பேசிய நாவாட்டில் மொழியில் சாம்பல் என்ற சொல்லும் தமால் என்ற சொல்லும் சேர்ந்தது. ஆஸ்டெக்குகளுக்கும் ஆயிரக்கணக்கான வருஷம் முன்னாலிருந்து அந்த நாட்டில் இருக்கிற வித்தை. மக்காச்சோளத்தில் நயாசின் என்ற சத்து உடம்பில் சேராத விதமாக அடைபட்டுக் கிடக்கிறது, சுண்ணாம்பு அதைத் திறந்துவிடுகிறது. ஸ்பானியர்கள் சோளத்தைக் கப்பலேற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை அங்கேயே விட்டுவிட்டார்கள். விளைவு, சோளமே கதி என்று சாப்பிட்ட இத்தாலிய ஏழைகளுக்கும், பிறகு அமெரிக்கத் தெற்குப் பகுதி ஏழைகளுக்கும் பெல்லாக்ரா என்ற தோல் வெடிக்கிற, புத்தி பேதலிக்கிற நோய் வந்து ஆயிரக்கணக்கில் செத்தார்கள். பெண்கள் அடுப்படியில் செய்கிற வேலைதானே என்று யாரும் கவனித்துப் பார்க்கவில்லை.

அரைப்பது எதில் என்று கேட்டேன். வெட் கிரைண்டரில் போட்டால் தண்ணீர் கேட்கும், தண்ணீர் விட்டால் மாவு தளர்ந்துவிடும், விடாவிட்டால் கல் திணறி நின்றுவிடும் என்பதால் முதலில் கிரைண்டர், கடைசிச் சுற்று அம்மியில் என்றார். நல்லவேளையாக இங்கே அம்மி கிடைத்தது, துபாயில் கிடைக்கவில்லை என்று சிரித்தார். அங்கே இதற்கு மெதாதே என்ற சாய்வான கல், முட்டி போட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் குழவியை முன்னும் பின்னும் தள்ளுவது, ஒரு குடும்பத்துக்கு அரைக்க நாளுக்கு நாலைந்து மணி நேரம் போகும். சுடுவது கோமால் என்கிற மண் கல், நம் தோசைக்கல் என்று வைத்துக்கொள்ளலாம்.

ருசிக்கு வருகிறேன். மூன்று டார்ட்டியா, உள்ளங்கை அகலம், ஓரம் லேசாகக் கருகி, நடுவில் உப்பி. சூட்டோடு பிய்த்தால் மழை விழுந்த மண் வாசனையும் வறுத்த சோள வாசனையும் சேர்ந்து வருகிறது. தொட்டுக்கொள்ள அவகாடோத் துவையல். துவையல் என்று நானாகச் சொல்லவில்லை, குவாக்கமோலே என்பதன் மூலச்சொல்லுக்கே அவகாடோச் சாந்து என்றுதான் அர்த்தம். பச்சைமிளகாய், தக்காளி, உப்பு, கல்லில் நசுக்கியது, அவ்வளவுதான். வெங்காயமும் எலுமிச்சையும் தனியாக ஓரத்தில் வைத்திருந்தார், வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளலாம் என்று. இந்த நாசூக்கு தெரிந்த மனுஷன்தான் அந்தப் புரிட்டோவையும் செய்கிறாரா என்று இன்னும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

அளவு பற்றி ஒரு குறை சொல்லலாம் என்றிருந்தேன், மூன்று சின்ன டார்ட்டியாவுக்கு 120 ரூபாயா என்று. பையன் போனில் எதையோ தேடி எடுத்துக் காட்டினான். மெண்டோசா சுவடி என்று ஒன்று, ஸ்பானியர்கள் பிடித்து இருபது வருஷத்துக்குள் அந்த ஊர் ஓவியர்கள் வரைந்தது, இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. அதில் எந்த வயசுப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு எத்தனை டார்ட்டியா என்று படத்தோடு இருக்கிறது: 3 வயசுக்கு அரை, 4 வயசுக்கு ஒன்று, 6 வயசிலிருந்து ஒன்றரை, 13 ஆனால் இரண்டு. "மாமா, எனக்கு ரெண்டுதான் கணக்கு, மூணாவது போனஸ்" என்றான். அவர்கள் டார்ட்டியா பெரிதாக இருந்திருக்கும் என்று நான் எதிர்வாதம் செய்தேன். அதே சுவடியில் சொன்னபேச்சுக் கேட்காத பதினொரு வயசுப் பையனை அப்பா மிளகாய்ப் புகையில் பிடித்துக் காட்டுகிற படமும் இருக்கிறது, அதைப் பார்த்து அம்மா, "எங்க தாத்தா எங்க சின்னையனுக்கு இதத்தான் செஞ்சாரு" என்றார். மிளகாய் அவர்களிடமிருந்துதான் நமக்கு வந்தது, தண்டனையும் சேர்ந்து வந்ததோ என்னமோ. இன்னொரு பக்கத்தில் 70 வயசு தாண்டிய பாட்டி கள் மாதிரி ஒன்றை ஆனந்தமாகக் குடித்துக்கொண்டிருக்கிறாள். சின்னவர்கள் குடித்துவிட்டு ஆடினால் கடும் தண்டனை, வயசானவர்களுக்கு மட்டும் தாராள அனுமதி. அம்மா ஒன்றும் சொல்லாமல் மோர் இருக்கிறதா என்று கேட்டார். இல்லையாம்.

தமால் வாழை இலையில் வந்தது. பிரித்ததும் அம்மா, "இது கொழுக்கட்டைதானே" என்றார், எனக்கும் அப்படித்தான் பட்டது. சோளமாவுக்கு நடுவில் மசித்த பீன்ஸ், கொஞ்சம் காய்ந்த மிளகாய் விழுது, கட்டி ஆவியில் வேகவைத்தது. அங்கேயும் பண்டிகைக்குப் பண்டிகை விதவிதமான தமால் செய்து சாமிக்குப் படைப்பார்கள், கீரைவிதை மாவில் தேன்பாகு ஊற்றிப் பிசைந்து சாமி உருவமே செய்து, பூசை முடிந்ததும் பிட்டு ஆளுக்கு ஒரு துண்டு சாப்பிடுவார்கள். ஸ்பானியப் பாதிரிகளுக்கு இது தங்கள் நற்கருணைச் சடங்கு மாதிரியே தெரிந்து திகைத்துப்போய், அந்தக் கீரையைப் பயிரிடுவதையே அடக்கினார்கள். நம் தண்டுக்கீரையின் உறவுக்காரக் கீரைதான் அது. பண்டைத் தமாலில் நெய்யோ கொழுப்போ கிடையாது, இவரும் போடவில்லை, அதனால் கொஞ்சம் கெட்டி. உள்ளே உப்பு போதவில்லை. ஆனாலும் அம்மா ஒன்றரை சாப்பிட்டார், அதைவிட வேறு மார்க் என்ன வேண்டும். ஒன்று 60 ரூபாய்.

தண்ணீர் கொக்கோவைப் பற்றித்தான் எனக்குக் கலவையான கருத்து. பொள்ளாச்சித் தென்னந்தோப்புக் கொக்கோவை வறுத்து அரைத்து, பால் சர்க்கரை எதுவும் இல்லாமல், தண்ணீரில் கரைத்து, துளி மிளகாயும் வனிலாவும் போட்டுக் குளிரக் கொடுக்கிறார். ஆஸ்டெக் பிரபுக்கள் குடித்ததும் இந்த ரகம்தான், அதற்கு உயரத்திலிருந்து ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றி ஊற்றி நுரை எழுப்புவார்கள், நுரைக்குத்தான் மரியாதை. இவர் மிக்ஸியில் அடித்துக் கொண்டுவந்து வைத்தார். கும்பகோணத்தில், டிகிரி காப்பி ஆற்றுகிற ஊரில், டபராவும் டம்ளரும் தெருவுக்குத் தெரு இருக்கிற ஊரில், நுரைக்கு மிக்ஸியா? நேரிலேயே சொன்னேன். அடுத்த முறை ஆற்றிக் காட்டுகிறேன் என்றார். கசப்பு பையனுக்குப் பிடிக்கவில்லை, எனக்கு மூன்றாவது மிடறில் பிடித்துவிட்டது. 110 ரூபாய் அதிகம்தான், ஆனால் கொக்கோக் கொட்டை அங்கே சில்லறைக் காசாகவே ஓடியது என்பதால் குடிக்கிறவன் காசையே கரைத்துக் குடிக்கிறான் என்று அர்த்தம். 1545-ல் மெக்சிகோவின் த்லாஸ்கலா என்ற ஊரில் எழுதிவைத்த விலைப்பட்டியல் ஒன்று இருக்கிறது: ஒரு தமால் ஒரு கொட்டை, நன்றாகப் பழுத்த அவகாடோ ஒரு கொட்டை, வான்கோழிப் பெட்டை 100 கொட்டை. கொட்டைத் தோலுக்குள் மண்ணை அடைத்துக் கள்ளக்காசு விட்டவர்களும் இருந்தார்கள். எண்ணிக்கை இருபது இருபதாக, பிறகு 400, பிறகு 8,000 என்று ஏறும், நாம் வெற்றிலையைக் கவுளிக் கணக்கில் எண்ணுவது போல.

வெற்றிலை என்றதும் ஞாபகம் வருகிறது, அன்றைக்குச் சாப்பாட்டைவிட எனக்கு மனசில் நின்றது வேறு ஒன்று. பில்லுக்குக் காத்திருந்தபோது பையன் ஆஸ்டெக்குகளின் சினாம்பா என்று ஒரு படத்தைக் காட்டினான். மிதக்கும் தோட்டம் என்று தலைப்பு. அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது எங்கடா மிதக்குது, இது நம்ம கொடிக்கால்" என்றார்.

அப்படியே கொடிக்கால்தான். ஆழமில்லாத ஏரியில், அடிச்சேற்றை வாரி நீள நீளமாக மேட்டுப்பாத்தி எழுப்புவது, இரண்டு பாத்திக்கு நடுவே தண்ணீர் வாய்க்கால், பாத்தி ஓரத்தில் மண் சரியாமல் வேர் பிடிக்க அவெஹோத்தே என்ற ஒடிசலான, நெட்டுக்குத்தாக வளர்கிற வில்லோ மரம். வாய்க்கால் சேற்றைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பாத்தி மேல் அப்புவதுதான் உரம். நாங்கள் செய்ததும் இதே. முதலில் அகத்தி, அகத்தி தலையெடுத்த பிறகு கொடி, நடுவே எப்போதும் தண்ணீர் நிற்கிற வாய்க்கால், கொடியை இறக்கிக் கட்டும்போது வாய்க்கால் சேற்றை வாரி மேலே போடுவது. அப்பா இடுப்பளவு சேற்றில் நின்று சேறு வாரிப்போட்டதை நான் பார்த்திருக்கிறேன். சினாம்பா மிதக்கவில்லை, அடிமண்ணில் ஊன்றி நிற்கிறது, தூரத்திலிருந்து பார்த்த வெளியூர்க்காரன் சூட்டிய பெயர் அது. பாத்தியும் வாய்க்காலும் மிதித்தவளுக்குப் படத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

1325-ல் தெனோச்தித்லான் என்று ஏரித்தீவில் ஒரு ஊரைக் கட்டிய ஆஸ்டெக்குகள், தங்களை மெஷிகா என்று அழைத்துக்கொண்டவர்கள், இருநூறு வருஷத்துக்குள் இரண்டு லட்சம் பேர் வாழ்ந்த நகரமாக அதை ஆக்கினார்கள் என்றால், அதற்குச் சோறு போட்டதில் பெரும்பங்கு இந்தச் சேற்றுப்பாத்திகளுக்கு. 1449-ல் பெருவெள்ளம் வந்து ஊர் மூழ்கியபின், பக்கத்து ஊரான டெஸ்கோகோவின் அரசர் நெசவால்கோயோட்டில் (கவிஞரும்கூட, அவர்கள் மொழியில் கவிதைக்குப் பூவும் பாட்டும் என்றுதான் பெயர்) முன்னின்று ஏரிக்குக் குறுக்கே பதினாறு கிலோமீட்டருக்கு ஒரு கரை போட்டார்கள். வெள்ளத்துக்கு மட்டும் இல்லை, ஏரியின் கிழக்குப் பாதி உப்புத் தண்ணீர், அது நல்ல தண்ணீர்ப் பக்கம் ஏறிப் பாத்தியைக் கெடுக்கக்கூடாது என்பதற்கும்தான். கடல்தண்ணீர் ஆற்றுக்குள் ஏறி நிலம் கெட்டுப்போன வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்துக் கடைமடை விவசாயியிடம் இதைச் சொல்லிப்பாருங்கள், ஒரு வரியில் புரிந்துகொள்வார். கோர்தெஸ் முற்றுகையில் அந்தக் கரையை உடைத்துத்தான் தன் கப்பல்களை உள்ளே விட்டான். 1521 ஆகஸ்ட் 13-ல் ஊர் விழுந்தது. அதில் பாதி வேலையை அதற்கு முந்தைய வருஷம் வந்த பெரியம்மை செய்திருந்தது, மிச்சத்தில் பெரும்பகுதியை ஆஸ்டெக்குகளுக்குக் கப்பம் கட்டிக் கட்டி வெறுத்துப்போயிருந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும், அவர்களிடம் அடங்காமல் பகை காத்த த்லாஸ்கலாக்காரர்களும் செய்தார்கள். பிறகு ஏரியை வடித்துத் தூர்த்து மேலே நகரத்தைக் கட்டினார்கள், மெக்சிகோ சிட்டி இன்றைக்கும் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. சோச்சிமில்கோ மாதிரி சில இடங்களில் மட்டும் சினாம்பா மிச்சம் இருக்கிறது. எங்கள் கொடிக்காலை 2009-ல் அழித்து வாழை போட்டோம், இப்போது அதுவும் இல்லை, பிளாட்.

இதையெல்லாம் அந்தச் சுவரில் வரையலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது. கத்திப் பூசாரிக்குப் பதிலாகப் பாத்தியும் வாய்க்காலும் படகும், தினம் அறுபதாயிரம் பேர் கூடினார்கள் என்று கோர்தெஸே எழுதிவைத்த த்லாதெலோல்கோ சந்தையும். சமையற்காரரிடம் சொன்னேன். சுவர் முதலாளி விருப்பம் அண்ணே, நமக்கு அடுப்புதான் என்றார். முதலாளி திருச்சியில் இருக்கிறாராம், பெயிண்டருக்குக் கூகுளில் படம் எடுத்துக் கொடுத்தவர் அவர்தானாம்.

இவ்வளவு செலவழித்து ஆஸ்டெக் சாமான் தேடியவர்கள், மேஜையில் டம்ளரில் வைத்திருந்த பூவைக் கவனிக்கவில்லை. சம்பங்கி. நம் கல்யாண மாலைக்கெல்லாம் கட்டுகிற அதே சம்பங்கியின் பூர்வீகம் மெக்சிகோ, நாவாட்டிலில் எலும்புப்பூ என்று பொருள்படுகிற ஒரு பெயர் அதற்கு. வாசலில் தொங்கிய செண்டுமல்லித் தோரணமும் அங்கிருந்து வந்ததுதான், அவர்கள் செத்துப்போனவர்களுக்குப் படையல் வைக்கிற நாளில் வழியெல்லாம் அதைத்தான் தூவுவார்கள். சப்போட்டா என்று நாம் சொல்கிற சொல்லே நாவாட்டில் சொல்லின் திரிபு, சாக்லேட், அவகாடோ எல்லாம் அந்த வழிதான். அந்த மொழி செத்துப்போகவும் இல்லை, பதினைந்து லட்சம் பேருக்கு மேல் இன்றைக்கும் பேசுகிறார்கள். மக்காச்சோளத்துக்கு மக்காவையும் செண்டுமல்லிக்குத் துலுக்கச் சாமந்தி என்று இன்னொரு பேரையும் கொடுத்த நம் ஆட்கள், மெக்சிகோவை மட்டும் மறந்துவிட்டார்கள். தக்காளியில்தான் எனக்கு ஒரு வேடிக்கை: நம் வயல்வரப்பில் கிடக்கிற சொடக்குத் தக்காளியின் பெயரைத்தான் வந்தேறித் தக்காளிக்கும் நீட்டிக் கொடுத்தோம், அங்கே தொமாத்ல் என்று அவர்கள் சொன்னதிலும் சொடக்குத் தக்காளி இனம் அடக்கம்.

மற்றவை சுருக்கமாக. ஏசி நன்றாக இருக்கிறது. பாட்டு சத்தம் அதிகம், குறைக்கச் சொன்னால் குறைக்கிறார்கள். படிக்கட்டு செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான், முட்டிவலி உள்ளவர்களைக் கூட்டிப்போகாதீர்கள், அம்மா இறங்கும்போது சிரமப்பட்டார். கழிப்பறை சுத்தம். வண்டி நிறுத்த இடம் கிடையாது, முகூர்த்த நாளில் அந்தப் பக்கமே போகாதீர்கள். மொத்தம் 930 ரூபாய், அதில் புரிட்டோவும் நாச்சோஸும் மட்டும் 420, அது தண்டம். ஆஸ்டெக் என்று அடைமொழி போட்ட எதையும் வாங்காதீர்கள், அடைமொழி இல்லாத மூன்றையும் வாங்குங்கள். சனிக்கிழமை போகிறதென்றால் காலையிலேயே போன் செய்து தமால் எத்தனை என்று சொல்லிவிடுவது நல்லது, ஊறப்போட்ட சோளம் தீர்ந்தால் தீர்ந்ததுதான். அஞ்சுக்கு மார்க் என்றால் முன்பக்க மெனுவுக்கு ஒன்றரை, பின்பக்கத்துக்கு நாலரை.

கிளம்பும்போது அம்மா, அரைத்த மாவு கொஞ்சம் விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். அரைக்கிலோவை வாழை இலையில் கட்டிக் கொடுத்தார், காசு வாங்க மறுத்தார், வற்புறுத்தி நாற்பது ரூபாய் கொடுத்தோம். மறுநாள் காலை அம்மா அதைத் தோசைக்கல்லில் எண்ணெய் தடவித் தட்டினார், ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. இரண்டாவதுக்கு எண்ணெயைத் துடைத்துவிட்டு வெறும் கல்லில் போட்டார், அது உப்பியது.